குடியெழுப்பும் நாளில் சாமான்களுக்கு யார் பொறுப்பு?

கேட்கப்பட்டது இது: கிளிநொச்சிப் பக்கம் வீதி ஒதுக்கில் (வீதிக்கென்று இரு பக்கமும் விட்டிருக்கும் நிலத்தில்) தகரக் கொட்டில் போட்டு இருக்கும் சில குடும்பங்களுக்கு அகற்றல் அறிவித்தல் ஒட்டியிருக்கிறார்கள். அந்த நாளில் அவர்களின் வீட்டுச் சாமான்களுக்கு யார் பொறுப்பு? அமெரிக்காவில் தெருவோரம் கூடாரம் போட்டிருப்பவர்களின் பொருட்களை நகரசபையே எடுத்து வைத்துத் திருப்பிக் கொடுக்குமாமே, அப்படி ஒன்றைப் பிரதேச சபையும் கிராம அபிவிருத்திச் சங்கமும் சேர்ந்து இங்கே செய்ய முடியுமா?

செய்ய முடியும், பெரிய செலவும் இல்லை. ஆனால் முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். இலங்கையில் காணியை மீட்கச் சட்டம் இருக்கிறது. அங்கே கிடக்கும் சாமானை என்ன செய்வது என்று அந்தச் சட்டம் ஒரு வரியும் பேசவில்லை. தையல் மெஷினும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும் மண்ணோடு மண்ணாகிப் போவது அந்த இடைவெளியில்தான்.

அரச காணி என்றால் பெரும்பாலும் கையில் எடுப்பது 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணி உடைமை மீட்புச் சட்டத்தை. பிரதேச செயலாளர் போன்ற தகுதிவாய்ந்த அதிகாரி 30 நாளுக்குக் குறையாத தவணை கொடுத்து வெளியேறச் சொல்லி அறிவித்தல் விடுவார். அது பதிவுத் தபாலில் வரலாம், காணியில் கண்ணில் படும் இடத்தில் ஒட்டப்பட்டும் இருக்கலாம். இரண்டும் செல்லும். 'என் கையில் ஒருவரும் தரவில்லை' என்று இருந்துவிட்டால் நாள்தான் போகும். தவணை முடிந்தும் எழும்பாவிட்டால் அதிகாரி நீதவான் நீதிமன்றம் போவார். காரணம் காட்டச் சொல்லி அழைப்பாணை வரும். அங்கே 9ஆம் பிரிவு மிகவும் இறுக்கமானது. செல்லுபடியாகும் அரச பெர்மிட்டோ வேறு எழுத்து அதிகாரமோ இருக்கிறது என்று காட்டலாம். அதைத் தவிர வேறெதையும் எதிர்த்துப் பேச இடமில்லை. 30 வருஷம் இருந்தோம், கிணறு வெட்டினோம், தென்னை வைத்தோம், வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்கிறது என்பதெல்லாம் அந்த விசாரணையில் எடுபடாது. வெளியேற்றக் கட்டளைக்கு மேன்முறையீடும் இல்லை. மாகாண மேல் நீதிமன்றத்தில் மீளாய்வு கேட்கலாம், ஆனால் அதற்குப் பாரிய பிழை ஒன்றைக் காட்ட வேண்டும். காணியே தன்னுடையது என்பவர், கட்டளை வந்து 6 மாதத்துக்குள் அரசுக்கு எதிராக உரித்து வழக்குப் போடலாம்.

அறிவித்தலையே எதிர்த்து எழுத்தாணை (அதிகாரியின் முடிவை நீக்கும்படி நீதிமன்றம் இடும் கட்டளை) கேட்க நினைப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்திருக்க வேண்டும். மாகாண மேல் நீதிமன்றத்துக்கு அதில் நியாயாதிக்கம் இல்லை என்று உயர் நீதிமன்றம் 2013 செப்டெம்பரில் தீர்ப்புச் சொன்னது. ஆகவே வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ அது முடியாது, கொழும்பில் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு இது என்ன பாரம் என்று சொல்லத் தேவையில்லை. ஒட்டிய கடதாசியில் தேதியைப் பார்த்த அன்றே சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போகச் சொல்வது அதனால்தான்.

வீதி ஒதுக்கு என்றால் வேறு சட்டங்களும் உண்டு. ஏ9, ஏ35 போன்ற தேசிய வீதிகளுக்கு 2008ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டம், உள்ளூர் வீதிகளுக்குப் பிரதேச சபைச் சட்டம். எனவே அறிவித்தலில் முதலில் பார்க்க வேண்டியது எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு, யார் கையெழுத்து, எத்தனை நாள் என்பவற்றை. பிரிவு குறிப்பிடாத கடதாசியாக இருந்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதையும் வீதியின் அளவை வரைபடத்தையும் எழுத்தில் கேளுங்கள். 14 வேலை நாளுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். கொட்டில் உண்மையிலேயே ஒதுக்குக்குள் இருக்கிறதா, பாதி வெளியே இருக்கிறதா என்பது வரைபடம் வந்தால்தான் தெரியும்.

இனிச் சாமானுக்கு வருவோம். மேலே சொன்ன 9ஆம் பிரிவை இன்னொரு தரம் பாருங்கள். ஒரு குடும்பத்தைக் காப்பாற்றக்கூடியது ஒரு கடதாசி. அந்தக் கடதாசி இருப்பது கொட்டிலுக்குள் வளையில் தொங்கும் ஒரு பையில். வீதி ஒதுக்குக்குப் பெர்மிட் இருக்காது, உண்மைதான். ஆனால் இடம்பெயர முதல் வேறு ஊரில் இருந்த காணியின் பெர்மிட், பழைய குடும்ப அட்டை, மீள்குடியேற்றப் பதிவு எல்லாம் அந்தப் பையில்தான் இருக்கும். மாற்றுக் காணி கேட்டுக் காணிக் கச்சேரிக்கு (அரச காணி யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்கும் விசாரணைக்கு) போகும்போது அவைதான் பேசும். மலையகத்திலிருந்து 1958, 1977, 1983 வன்செயல்களில் துரத்தப்பட்டு வன்னிக்கு வந்த பல குடும்பங்களிடம் காணிக் கடதாசியே இல்லை. அவர்களுக்குப் பள்ளிக்கூடப் பதிவும் கிளினிக் கொப்பியும்கூட இருப்புச் சான்று. காணாமல் ஆக்கப்பட்டவரின் படம், பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, காணாமல் போனோர் அலுவலகம் கொடுத்த கோப்பு இலக்கம் என்பவையும் அதே பைக்குள் இருக்கும். முள்ளிவாய்க்காலைக் கடந்து வந்த பை அது. அதை இன்னொரு தரம் தொலைக்க விடுவதற்கு எந்த வீதி அபிவிருத்தியும் நியாயமாகாது.

வெளிநாட்டு முறை எப்படி வந்தது என்று பார்த்தால் நமக்கு வேண்டியது விளங்கும். லொஸ் ஏஞ்சல்ஸில் தெருவில் வாழ்ந்தவர்கள் சாப்பிடவும் குளிக்கவும் வழக்குக்கும் போன நேரத்தில், அவர்கள் விட்டுப்போன தள்ளுவண்டிகளை நகரசபை ஆட்கள் அள்ளி நசுக்கினார்கள். இடம் பொது இடமாக இருந்தாலும் பொருள் அவர்களுடையது, முன்னறிவித்தல் இல்லாமல் அழிக்க முடியாது என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் 2012இல் லவான் வழக்கில் சொன்னது. பிறகு அந்த நகரம் விதி எழுதியது: கவனிப்பாரற்ற பொருளுக்கு 24 மணி நேர அறிவித்தல், எடுத்தால் 90 நாள் களஞ்சியத்தில், ஆளுக்கு 60 கேலன் கொள்ளளவு வரை. நம் ஊரில் எண்ணெய் வரும் பெரிய பரலைவிடச் சற்றுக் கூடிய அளவு அது. பெரிய சாமானை அறிவித்தல் இல்லாமலே அழிக்கலாம் என்று எழுதியிருந்த பகுதிக்கு விதித்த தடையை 2021இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது. ஒரிகன் மாநிலச் சட்டம் 72 மணி நேர அறிவித்தலும் குறைந்தது 30 நாள் களஞ்சியமும் கேட்கிறது. பயன்படாதது என்று தெரிவதையும் சுகாதாரக் கேடான நிலையில் உள்ளதையும் மட்டும் எறியலாம். 2024 ஜூனில் கிராண்ட்ஸ் பாஸ் வழக்கில் அமெரிக்க உயர் நீதிமன்றம் பொது இடத்தில் படுத்துறங்குவதைத் தடைசெய்ய நகரங்களுக்கு இடம் கொடுத்தது. அந்தத் தீர்ப்பு ஆட்களை எழுப்புவதைப் பற்றியது. பொருளைப் பற்றிய விதியை அது தொடவில்லை. இடத்துக்கான உரிமை வேறு, பொருளுக்கான உரிமை வேறு என்ற இந்தப் பிரிப்பைத்தான் நாம் எடுக்க வேண்டும்.

நமக்கு இன்னும் கிட்டிய உதாரணம் ஜொஹன்னஸ்பேர்க். பாலத்தின் கீழ் இருந்தவர்களின் மெத்தை, பொலித்தீன், அடையாளக் கடதாசிகளை அள்ளி அழித்ததற்கு 2019இல் தென்னாபிரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் ஆளுக்கு 1,500 ராண்ட் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. பொருளின் சந்தை விலையை மட்டும் அது பார்க்கவில்லை, அவர்களின் கண்ணியம் மிதிக்கப்பட்டதையும் கணக்கில் எடுத்தது. இந்தியாவில் 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டத்திலும் நல்ல ஒழுங்கு இருக்கிறது. பறித்த பொருளுக்குப் பட்டியல் கொடுக்க வேண்டும். கேட்டு வந்தால் பழுதாகும் பொருளை அன்றைக்கே, மற்றதை இரண்டு வேலை நாளுக்குள் திருப்ப வேண்டும். சந்தைப் பக்கம் பெட்டிக்கடைகளை அகற்றும்போது இதை அப்படியே பின்பற்றலாம்.

சரி, இங்கே செய்வது எப்படி? நாள் குறித்தவுடன், குறைந்தது 10 நாள் முன்பாக, கொட்டில் கொட்டிலாக ஒரு கணக்கெடுப்பு. ஜி.எஸ். (கிராம சேவகர்), சபையின் ஒருவர், சங்கத்தின் ஒருவர் என்று மூன்று பேர் போக வேண்டும். குடும்பத்துக்கு ஓர் இலக்கம். எத்தனை பேர், நடக்க முடியாதவர் யார், என்ன மருந்து, பகலில் யார் இருப்பார், யார் எங்கே வேலை, கைபேசி இலக்கம். பெரிய சாமான்களின் பட்டியல். கால்நடை எத்தனை. இதை எழுதாமல் போவதுதான் முதல் பிழை. எழுப்பும் நாள் காலையில் ஆட்கள் மேசன் வேலைக்கும் வயலுக்கும் ஆடைத் தொழிற்சாலைக்கும் போயிருப்பார்கள், கொட்டிலில் கிழவியும் குழந்தையும்தான் இருப்பார்கள்.

கணக்கெடுக்கும் அன்றே செய்ய வேண்டிய இன்னொரு வேலை, கடதாசிப் பை. குடும்பத்துக்கு ஒன்றாகப் பூட்டும் பொலித்தீன் கவர் கொடுத்து, அடையாள அட்டை, பிறப்பு இறப்புச் சான்றிதழ், பெர்மிட், வங்கிப் புத்தகம், அஸ்வெசும (அரச நிவாரணக் கொடுப்பனவு) கடதாசி, கிளினிக் கொப்பி, பரீட்சை அனுமதி அட்டை எல்லாவற்றையும் அதற்குள் போடச் சொல்லி, ஒவ்வொன்றையும் கைபேசியில் படம் எடுத்து அவர்களுடைய உறவினர் ஒருவருக்கே அனுப்பிவிட வேண்டும். இந்தக் கவர் எந்தக் களஞ்சியத்துக்கும் போகக் கூடாது. குடும்பத்தில் ஒருவரின் உடம்போடு இருக்க வேண்டும். தொலைந்தால் பட வேண்டிய பாட்டை நினையுங்கள்: அடையாள அட்டைக்குப் பொலிஸ் முறைப்பாட்டோடு ஜி.எஸ். ஊடாக விண்ணப்பம், சான்றிதழ்களுக்குப் பிரதேச செயலகம், பெர்மிட்டுக்குக் காணிக் கிளை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் கூலி போகும். அமெரிக்கக் களஞ்சியங்களில் ஓயாமல் கேட்கும் முறைப்பாடும் இதுதான்: பையை எடுக்க அடையாள அட்டை கேட்கிறார்கள், அட்டையோ அந்தப் பைக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே இங்கே திருப்பிக் கொடுக்கப் பற்றுச்சீட்டு போதும். சீட்டும் இல்லாவிட்டால் கணக்கெடுப்பில் எடுத்த படமும் ஜி.எஸ்.இன் சாட்சியும் போதும் என்று முதலே எழுதிவைக்க வேண்டும்.

பொதி கட்ட வெற்று உரப்பையைவிட நல்லது இல்லை. ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு உடுப்பும் பாத்திரமும் கட்ட எட்டுப் பத்து உரப்பை வேண்டும், குறைவாகக் கொண்டுபோகாதீர்கள். இலக்கத்தைப் பேனையால் பையில் எழுதினால் உரசி அழியும். கடதாசி அட்டை மழையில் கரையும். பழைய எண்ணெய்க் கலனின் பக்கத்தை வெட்டி, அந்தத் துண்டில் ஆணியால் இலக்கத்தைக் கீறி, கட்டுக்கம்பியால் பை வாயில் கட்டினால் அது அழியாது. இலக்கத்தை 7–3/9 என்று போடுங்கள்: ஏழாம் குடும்பம், ஒன்பது பொதியில் மூன்றாவது. மொத்தப் பொதி எத்தனை என்று ஒவ்வொன்றிலும் இருந்தால்தான் ஒன்று குறைந்ததைக் களஞ்சிய வாசலிலேயே பிடிக்கலாம். பட்டியலைக் காபன் தாள் வைத்து மூன்று பிரதி எழுதுங்கள்: ஒன்று குடும்பத்துக்கு, ஒன்று களஞ்சியத்துக்கு, ஒன்று ஜி.எஸ்.க்கு. 'பல்வகைச் சாமான்' என்று எழுத விடாதீர்கள். பின்னர் தண்ணீர்ப் பம்பைக் காணவில்லை என்றால் அந்தச் சொல்லை வைத்து ஒன்றும் கேட்க முடியாது. பம்பின் இலக்கத்தையும் சைக்கிளின் இலக்கத்தையும் எழுதுங்கள்.

இங்கே வீடே ஒரு சாமான் என்பதை வெளிநாட்டு விதிகளைப் பார்த்து எழுதுபவர்கள் மறந்துவிடுகிறார்கள். தகரம், மரத் தடி, கதவு, தறப்பாள் எல்லாம் காசு கொடுத்தோ மீள்குடியேற்ற உதவியாகவோ வந்தவை, அடுத்த இடத்தில் அதே தகரம்தான் கூரை. ஜேசிபி கை ஒரு தரம் பட்டால் தகரம் மடிந்துவிடும். மடிந்த தகரத்தைத் தட்டி எடுத்தாலும் ஆணி ஓட்டை கிழிந்து ஒழுகும். இரண்டு பேர் ஏணியோடு நின்றால் சிறிய கொட்டிலை அரை நாளில் கையால் கழற்றலாம். அதற்கு ஆளும் கூலியும் சபைதான் தர வேண்டும். பலவந்த வெளியேற்றம் பற்றிய 2007ஆம் ஆண்டின் ஐ.நா. வழிகாட்டி நெறிகள் இதைத் தெளிவாகப் பிரிக்கின்றன: தன் வீட்டைத் தானே இடிக்கும்படி ஒருவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, ஆனால் பொருளையும் கட்டடச் சாமானையும் எடுக்க வாய்ப்புக் கொடுக்க வேண்டும். இயந்திரம் வருவது எல்லாக் கொட்டிலும் கழற்றி ஏற்றிய பிறகு, அன்று பின்நேரம் அல்லது அடுத்த நாள். காலையிலேயே ஜேசிபியைக் கொண்டுவந்து உறுமவிட்டால் சனம் பதறும். பதற்றத்தில் இரண்டு குடும்பத்தின் பொதி ஒன்றாகக் கலக்கும், பிள்ளையைத் தேடும்போது பை விடுபடும்.

ஏற்றுவதற்கு ரக்டர் றெயிலர். ஒரு தடவைக்கு இரண்டு குடும்பத்துக்கு மேல் ஏற்ற வேண்டாம், நடுவில் தறப்பாள் போட்டுப் பிரியுங்கள். மண்ணெண்ணெயும் காஸ் சிலிண்டரும் தனியாகப் போக வேண்டும், உடுப்பில் மண்ணெண்ணெய் கொட்டினால் அந்த மணம் போகவே போகாது. கத்தி, கோடாலி, மண்வெட்டி தொழில் கருவிகள். அவற்றை ஆயுதம் என்று பொலிஸ் ஒதுக்கி வைக்காமல் இருக்கப் பட்டியலில் 'தொழில் கருவி' என்ற தலைப்பில் முதலே எழுதுங்கள். முல்லைத்தீவுக் கரைப் பக்கமென்றால் வலை: ஈர வலையைக் கட்டிப் போட்டால் வீணாகும், உலர்த்தி, எலி எட்டாத உயரத்தில் தொங்கவிட வேண்டும். செயற்கைக் கால், ஊன்றுகோல், சக்கர நாற்காலி, இன்சுலின், இழுப்பு மருந்து, பால்மா, அடுத்த இரண்டு நாள் சமையலுக்கான அரிசி எதையும் களஞ்சியத்துக்கு அனுப்பக் கூடாது. போரில் காலை இழந்தவர்கள் நிறைந்த பிரதேசம் இது. அளவெடுத்துச் செய்த கால் தொலைந்தால் இன்னொன்று கிடைக்கும்வரை அவருக்கு உழைப்பு இல்லை.

களஞ்சியத்துக்குப் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் பழைய நெல் களஞ்சியமோ பொதுநோக்கு மண்டபத்தின் ஓர் அறையோ போதும். வன்னி மண்ணில் முதல் எதிரி கறையான். தரையில் நேரே வைத்தால் சில நாளிலேயே பாயும் புத்தகமும் போய்விடும். சீமெந்துக் கல் அடுக்கி மேலே பலகை போட்டு, சுவரிலிருந்து ஓரடி தள்ளி அடுக்குங்கள். ஈரமாக வந்த பாயையும் மெத்தையையும் அடுக்க முதல் வெயிலில் போடுங்கள். 'நாறுகிறது, கிருமி' என்று சொல்லி எறிவது உலகம் முழுக்க நடக்கும் தவறு. ஈரமும் அழுக்கும் கழுவினால் போகும். மலம், இரத்தம் பட்டது, அழுகிய சாப்பாடு இவற்றை மட்டும், உரியவர் பார்த்து ஒப்பமிட்ட பின் எறியலாம். தெரியாதென்றால் வைத்திருங்கள்.

நாள் குறிப்பதிலும் கவனம் தேவை. ஐப்பசி முதல் தை வரை மாரி, அந்தக் காலத்தில் எழுப்பவே கூடாது. சாதாரண தரம், உயர்தரம், புலமைப்பரிசில் பரீட்சை நாட்கள், வற்றாப்பளைப் பொங்கல், மடுத் திருவிழா, மே 18 ஒட்டிய நாட்களும் வேண்டாம். மேலே சொன்ன ஐ.நா. நெறிகளும் கடும் காலநிலை, இரவு, பண்டிகை, பரீட்சைக் காலம் இவற்றில் வெளியேற்றக் கூடாது என்றுதான் சொல்கின்றன. போகும் இடம் தீராமல் நாள் குறிப்பதும் அதே அளவு பிழை. போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக்பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டபோது கேப்பாப்பிலவு மக்களைச் சொந்தக் காணிக்கு விடாமல் சீனியாமோட்டையில் இறக்கினார்கள். முகாமை மூடியதால் இடம்பெயர்வு முடிந்துவிடவில்லை.

வவுனியா பஸ் நிலையத்திலும் கோயில் வீதிகளிலும் படுத்துறங்கும் தனி ஆட்களின் நிலை வேறு. கொட்டில் இல்லாததால் அறிவித்தலும் வருவதில்லை. அவர்களைப் பிடிக்க 1841ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க நாடோடிகள் கட்டளைச் சட்டம் கையில் இருக்கிறது. அவர்களிடம் இருப்பது ஒரு பை. ஆளைக் கூட்டிப்போகும்போது அந்தப் பையும் அதே வாகனத்தில் போக வேண்டும், பொலிஸ் புத்தகத்தில் பதிய வேண்டும். கழுவிக் கூட்டும் தொழிலாளருக்கு, ஆள் பக்கத்தில் இல்லாத பையைக் குப்பை வண்டியில் போடாதே, சபைக்குக் கொண்டுவா என்ற ஒரே ஒரு பணிப்பு எழுத்தில் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

இவ்வளவுக்குப் பிறகும் பொருள் அழிக்கப்பட்டால், அன்றைக்கே படம், சாட்சிகளின் பெயர், பொலிஸ் முறைப்பாடு. பிறர் உடைமையை வேண்டுமென்றே சேதப்படுத்துவது தண்டனைச் சட்டக்கோவையில் குற்றம், ஒதுக்குக் காணியில் கிடந்தது என்பதால் அது உரிமையில்லாப் பொருளாகிவிடாது. அரச அதிகாரிகள் செய்ததென்றால் அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் அடிப்படை உரிமை மனு. அதற்குக் காலம் ஒரு மாதம்தான். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால் அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. வவுனியாவில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. கொழும்பு போக முடியாதவர்கள் முதல் கிழமையிலேயே அங்கே போங்கள், முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.

எத்தனை நாள் வைத்திருப்பது? 30 நாள் போதாது. வேலைக்கு அனுராதபுரம், கொழும்பு என்று போனவர் திரும்பி வரவும், புது இடத்தில் ஒரு கொட்டில் போடவும் 90 நாள் வேண்டும். வாடகை, அபராதம் ஒன்றும் அறவிடக் கூடாது. கட்ட முடியாதவர் சாமானை விட்டுவிட்டுப் போவார். 60ஆம் நாள் பட்டியலைப் பார்த்து, எடுக்காதவர்களுக்குத் தொலைபேசி எடுக்க வேண்டும். 90 நாள் கழிந்த பிறகும் கடதாசி, படம், கோப்பு இவை ஏதாவது பைக்குள் வந்திருந்தால் எறிய வேண்டாம், ஜி.எஸ்.இடம் ஒப்படையுங்கள். களஞ்சியத் திறப்பு இரண்டு பேரிடம் இருக்கட்டும், ஒருவர் அந்தக் குடும்பங்களில் ஒருவராக. திறக்கும் நேரம் காலை எட்டு முதல் நாலரை என்று கந்தோர் நேரத்தில் வைத்தால் ஒருவரும் வர முடியாது. பின்நேரம் ஐந்து முதல் ஏழு வரை, ஞாயிறு முழு நாள்.